தொட்டிக்குள்ள பனை வளருமா?

லண்டன்ல இருக்கிற நம்மாளு தொட்டியில பாம் வளர்த்தா அதுல ஒரு அர்த்தம் இருக்கு. பனி கொட்டுற மாசத்துல தொட்டியோட தூக்கி வீட்டுக்குள்ள வெச்சுக்கலாம். ஆரம்பாக்கத்துல எந்தப் பனிக்குப் பயந்து ஐயா தொட்டி?

இங்கேர்ந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் கம்பெனி வாசல்ல வரிசையா அரிகா பாம். மடகாஸ்கர் விருந்தாளி. தண்ணி ஊத்த தனியா ஒரு ஆள் வேற! மதில் கட்ட இடைஞ்சல்னு சாய்க்கிறது எதை? பனையை. தமிழ்நாட்டோட மாநில மரத்தை.

"அழகுக்குத்தானேப்பா"ம்பீங்க. அழகு வேணாம்னு யார் சொன்னா? ஆனா அந்தத் தொட்டிச்செடி நுங்கு தராது, பழவேற்காட்டுப் பெண்கள் கூடை முடைய ஓலை தராது. பனங்கொட்டை முளைச்சா முதல்ல மண்ணுக்குள்ளதான் இறங்கும். கிழங்கு விட்டப்புறம்தான் இலை தலைகாட்டும். அதைத் தொட்டியில அடைக்க முடியாது. காய்க்கவே 12, 15 வருஷம் ஆகும். வெட்டுறதுக்கோ அரை மணி நேரம்!

பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அரசு அறிவிச்சாச்சு. வெட்டாம இருந்தா மட்டும் போதாதுங்க. மதிலோரமா நாலு பனங்கொட்டையை ஊன்றி வைங்க. தண்ணி ஊத்த ஆள்கூட வேண்டாம்.