அழுத்தமானியைக் கழற்றிய பொறியாளருக்கு

மாஸ்கோ மேயர் செர்கேய் செமியோனோவிச் சோபியானின் அவர்களுக்கு,

நான் உங்கள் வாக்காளன் அல்லன். உங்கள் நகரத்தில் எனக்கு வீடும் இல்லை, வழக்கும் இல்லை. ரஷ்ய ஆட்சியாளர்கள் என்றாலே உளவுத்துறையிலிருந்து வந்தவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதிக் குவிக்கிறார்கள். பட்டறையிலிருந்து வந்த உங்களை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் இந்த மடல்.

1958இல் மேற்குச் சைபீரியாவின் நியாக்சிம்வோல் என்ற சிற்றூரில் பிறந்தீர்கள். கஸ்த்ரமா தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, 1980இல் செல்யாபின்ஸ்க் குழாய் ஆலையில் தொழிலாளியாகச் சேர்ந்தீர்கள். பிறகு எண்ணெய் நகரமான ககலிமுக்குப் போய், 1991இல் அதன் நிர்வாகத் தலைவரானீர்கள். 2001 தேர்தலில், பதவியிலிருந்த ரகெட்ஸ்கியையே வீழ்த்தி தியுமென் மாகாண ஆளுநரானீர்கள். லேசான மாகாணமா அது? அதன் வயிற்றுக்குள்ளேயே ஹாந்தி-மான்சி, யமால்-நெனெத்ஸ் என இரண்டு தன்னாட்சி வட்டாரங்கள். நாட்டின் எண்ணெயிலும் எரிவாயுவிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான். வருவாயை யார் எடுப்பது என்ற இழுபறியை 2004இல் ஓர் ஒப்பந்தத்தில் முடித்துவைத்தவர்களில் நீங்களும் ஒருவர்.

அந்த ஆண்டின் இறுதியில் ஆளுநர் தேர்தலையே ஒழித்தார் புதின். வாக்குச்சீட்டால் பதவிக்கு வந்த நீங்கள், 2005 பிப்ரவரியில் அவருடைய பரிந்துரையால் பதவியைப் புதுப்பித்துக்கொண்ட முதல் சிலரில் ஒருவரானீர்கள். அடுத்த படிகள் விரைவாக வந்தன: அதிபர் அலுவலகத் தலைவர், துணைப் பிரதமர், 2010இல் மாஸ்கோ மேயர்.

கட்டியவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நூறாண்டுப் பழைய வட்டப்பாதையில் 2016இல் பயணிகள் ரயில் விட்டீர்கள். சுமார் 70 கிலோமீட்டர் நீளமும் 31 நிலையங்களும் கொண்ட பெரிய வட்ட மெட்ரோ 2023இல் முழுமை பெற்றது. நடைபாதைக் கற்களை ஓயாமல் மாற்றுவதை மாஸ்கோவாசிகள் கேலி செய்கிறார்கள். அதை விடுங்கள், அது உலகத்து நகராட்சிகள் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி.

என் கேள்வி வேறு. குழாயை வெளியே அனுப்பும் முன் நீரை ஏற்றி அழுத்திப் பார்ப்பார்கள். கசிவு இருந்தால் அழுத்தமானியின் முள் இறங்கும். முள் இறங்குகிறதே என்று மானியைக் கழற்றி வைக்கிற மேற்பார்வையாளரை உங்கள் ஆலையில் என்ன செய்திருப்பார்கள்?

ஆட்சிக்கு அந்த மானி மக்களின் எதிர்ப்புதான். 2013இல் நீங்களே பதவி விலகி, முன்கூட்டியே தேர்தலுக்கு வந்தீர்கள். மாவட்டப் பிரதிநிதிகள் 110 பேரின் கையொப்பம் இல்லாமல் யாரும் போட்டியிட முடியாது. எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சேய் நவால்னிக்கு அது குறைந்தது. ஆளுங்கட்சிப் பிரதிநிதிகளே கையெழுத்திட்டுக் களத்தில் இறக்கினார்கள். உங்களுக்கு 51.37 சதவீதம், அவருக்கு 27.24. இரண்டாம் சுற்றிலிருந்து மயிரிழையில் தப்பினீர்கள். மானி நன்றாகவே வேலை செய்தது.

2017இலும் வேலை செய்தது. குருஷ்சேவ் காலத்து ஐந்து மாடி வீடுகளை இடித்து ஏறத்தாழ பத்து லட்சம் பேரைக் குடிமாற்றும் திட்டம் வந்தபோது, வாக்களிக்காதவர்களையும் சம்மதித்தவர்களாகக் கொள்வோம் என்றது நகராட்சி. மே மாதத்தில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கணக்கும் மாறியது, சட்டமும் திருந்தியது. கூட்டம் கூடியதால் உங்கள் திட்டத்துக்கு நன்மைதானே விளைந்தது?

அதற்குப் பிறகு? 2019இல் நகர மன்றத் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர்களின் மனுக்கள் தள்ளப்பட்டன. தட்டிக்கேட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜூலையில் ஒரே நாளில் பிடிக்கப்பட்டார்கள். 2021 நாடாளுமன்றத் தேர்தலில், காகித வாக்குகளில் முந்திய எதிர் வேட்பாளர்கள் பலர், மறுநாள் தாமதமாக வந்த இணைய வாக்குகளால் தோற்றார்கள். 2023இல் உங்களுக்கு 76 சதவீதம். உங்களை உலுக்கக்கூடிய எவரும் களத்தில் இல்லாதபோது அந்த எண் எதை அளந்தது?

நவால்னி 2024 பிப்ரவரி 16 அன்று ஹார்ப் சிறையில் இறந்தார். அவரைச் சிறையிட்டது நீங்கள் அல்ல. ஆனால் ஹார்ப் இருப்பது யமால்-நெனெத்ஸில், அதாவது நீங்கள் ஆளுநராக இருந்த தியுமென் மாகாணத்தின் எல்லைக்குள். அதே ஆண்டு ஜூலையில், உக்ரைன் போருக்கு ஒப்பந்தத்தில் சேரும் மாஸ்கோவாசிக்கு 19 லட்சம் ரூபிள் என்று அறிவித்தீர்கள். வீட்டை இடிக்க வாக்கெடுப்பு நடத்திய நகரத்தில் இதற்கு வாக்கெடுப்பு இல்லை.

அடுத்த மேயர் தேர்தல் 2028இல் வர வேண்டும். நீங்கள் நிற்கிறீர்களோ இல்லையோ, இரண்டு காரியம் செய்யுங்கள். கையொப்பம் குறைகிற எதிர் வேட்பாளர் எவராயினும், 2013இல் செய்தது போலவே உங்கள் ஆட்களைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். இணைய வாக்கு எண்ணிக்கையை எல்லாத் தரப்பு முகவர்களும் சரிபார்க்கும்படி திறந்து வையுங்கள். இரண்டுக்கும் மெட்ரோ தோண்டுகிற செலவில்லை.