குக்கீ மேல தூவுற தங்கத் தூள்

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், மணின்னு அச்சுல வெட்டி குக்கீ சுடுறீங்க, சந்தோஷம். ஐசிங் மேல தூவுற மினுமினு தூள் டப்பாவைத் திருப்பிப் படிச்சீங்களா?

'நான்-டாக்ஸிக்'னா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லைங்க. 'எடிபிள்'னு இருக்கணும். என்னென்ன சேர்த்திருக்குன்னு பட்டியல், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கணும்.

2018, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட். இதே மாதிரி ரோஸ் கோல்ட் தூள் போட்ட பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. தூள்ல இருந்தது செம்பு. மிசௌரியில் இன்னொரு கேக், மஞ்சள் தூள்ல ஈயம். குழந்தைக்கு ஒரு வயசு. ஈயத்துல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது.

ரோடமின்-பி இருக்குன்னு 2024-ல் தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாயைத் தடை செஞ்சப்போ கைதட்டினோமே? தள்ளுவண்டிக்காரருக்கு ஒரு நியாயம், இன்ஸ்டா பேக்கருக்கு ஒரு நியாயமா?

"வருஷத்துக்கு ஒருதடவைதானே டாக்டர்"னு கமெண்ட் வரும். போட்டோவுக்கு மின்னணும்னா அந்தக் குக்கீயை மரத்துல தொங்கவிடுங்க. பிள்ளைக்கு வெறும் குக்கீயைக் குடுங்க.