தாத்தா யார்?

2001ஆம் ஆண்டு. மலைநாட்டிலுள்ள ஒரு முஸ்லிம் வித்தியாலயத்தின் தரம் ஒன்று வகுப்பு. 'எனது குடும்பம்' பற்றிய பாடம். நரைத்த தாடியுடன் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் படத்தை ஆசிரியர் உயர்த்திப் பிடித்து, "இவர் தாத்தா" என்கிறார். முன்வரிசையிலிருந்த பெண்பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டே எழுந்து நிற்கிறது.

"இல்ல சேர், தாத்தா ஸ்கூலுக்குப் போன. இது அப்பா."

பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அதன் வீட்டில் மூத்த சகோதரிதான் தாத்தா. பாட்டனார் அப்பா. தகப்பனார் வாப்பா. தெருவுக்கு அப்பால் வசிக்கும் சிங்களப் பிள்ளைக்கோ தாத்தா என்றால் தகப்பனார். ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று உறவுகளைக் குறிக்கும் அதிசயத்தை அந்த வகுப்பு முழுவதும் சேர்ந்து கொண்டாடியிருக்கலாம். ஒரு வாரத்துக்குப் போதுமான செயற்பாடுகள் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. ஆனால் ஆசிரியர், "பிழை. தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. இருங்கள்" என்றார். பிள்ளை அமர்ந்தது. அந்தத் தவணை முடியும்வரை கேள்விகளுக்குத் தலையை அசைத்ததே தவிர, தானாக எழுந்து எதுவும் சொல்லவில்லை.

அந்த ஆசிரியர் வேறு யாருமல்ல, நான்தான்.

வெட்கக்கேடான மற்றொரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டில் எனது சிறுகதையொன்று ஒரு சஞ்சிகையில் வெளிவந்தது. "முஸ்லிம்களின் பேச்சுமொழியை உயிர்த்துடிப்புடன் கையாண்டிருக்கிறார்" என்று நண்பர்கள் பாராட்டினார்கள். அந்தக் கதையில் "தாத்தா" மூத்த சகோதரியாகவே வந்தாள். "உம்மா சல்லி தந்த" என்று என் கதாபாத்திரம் பேசியபோது அது மண்வாசனை. அதையே ஆறு வயதுப் பிள்ளை வகுப்பில் பேசியபோது அது பிழை. இரவில் எழுதிப் பெயர் வாங்கிய மொழியைப் பகலில் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

நம்மில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், அதிபர்கள், ஆசிரிய ஆலோசகர்கள், கல்வி அதிகாரிகள். அதனால் இந்தக் குற்றச்சாட்டை என்னோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. நமது சமூகத்தின் பிள்ளைகளை முதலாம் வகுப்பின் முதல் மாதங்களிலேயே ஊமைகளாக்கும் காரியத்தில் நமக்கும் பங்குண்டு. ஆற்றங்கரையிலும் ஓதப்பள்ளி வாசலிலும் ஓயாமல் பேசிய பிள்ளை, பாடசாலைக்கு வந்ததும் வாய் திறக்கத் தயங்குகிறதென்றால் அந்தத் தயக்கத்தைக் கற்பித்தவர் யார் என்று கேட்க வேண்டாமா?

பாடத்திட்டத்தின் மீது பழியைப் போட்டுத் தப்பவும் வழியில்லை. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும் 1999இல் நாடு முழுவதிலும் தரம் ஒன்றில் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஐந்தாண்டு ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்று கற்றல் முறைகளை வகுத்து, தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே முதலிடம் கொடுத்தது. புதிதாக வரும் பிள்ளையை இனங்காண்பதற்கென்றே தொடக்க வாரங்களை ஒதுக்கியது. கூர்ந்து நோக்கினால் இவை அனைத்தினதும் மூலப்பொருள் பிள்ளையின் பேச்சுத்தான். பேசாத பிள்ளையை எப்படி இனங்காண்பது? வாய் மூடிய பிள்ளை எப்படிக் கடை விளையாட்டு விளையாடும்?

கடை விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். வெற்றுச் சவர்க்காரப் பெட்டிகள், நெருப்புப் பெட்டிகள், தேயிலைப் பக்கற்றுகள், கடதாசியில் வெட்டிய காசு. எண்ணல், கூட்டல், நிறுத்தல், கேட்டல், பேசுதல் எல்லாம் அந்த ஒரு மூலைக்குள் இருக்கின்றன. ஒரு பையன் வந்து, "நானா, கால் கிலோ சீனி தாங்கொ. உம்மா சல்லி தந்த" என்கிறான். அவன் கணக்கும் செய்கிறான், மொழியும் கற்கிறான், மரியாதையும் பழகுகிறான். அந்த நேரம் பார்த்து ஆசிரியை குறுக்கிட்டு, "நானா என்று சொல்லக்கூடாது, கடைக்காரர் என்று சொல்லுங்கள். சல்லி இல்லை, பணம்" என்கிறார். பையன் சீனியை மறந்துவிடுகிறான். அடுத்த சொல்லும் பிழையாகிவிடுமோ என்று ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறான். விளையாட்டு அந்தக் கணத்தில் பரீட்சையாகிவிடுகிறது. பிறகு அந்தக் கடைமூலை, அதிகாரிகள் வரும் நாட்களில் தூசு தட்டிக் காட்டுவதற்கான அலங்காரமாக மிஞ்சுகிறது.

நமது பிள்ளையின் சிரமம் வெறும் சொற்களோடு முடிவதில்லை. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலான தூரம் தமிழ் பேசும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. யாழ்ப்பாணப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் தோட்டப்புறப் பிள்ளையும் அந்தத் தூரத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். ஆனால் அவர்களுடைய வினைச்சொல்லின் வால் பெரும்பாலும் பேச்சிலும் இருக்கிறது. "வந்தனான்" என்றோ "வந்தேன்" என்றோ, வந்தவர் யார் என்பதை அந்த வினையே சொல்லும். தென்மேற்கிலும் மலைநாட்டிலும் வாழும் முஸ்லிம்களின் பேச்சில் "நான் வந்த, நீ வந்த, அவன் வந்த, உம்மா வந்த" என்று ஒரே வடிவமே வழங்குகிறது. இது இலக்கணமற்ற பேச்சு அன்று. தனக்கென ஒழுங்குள்ள இலக்கணம். நமது பிள்ளை "நான் வந்தேன்" என்று எழுதும்போது புதிய இலக்கணமொன்றைக் கற்கிறது. இதை அறியாத ஆசிரியர், "ஒழுங்காகப் பேசத் தெரியாத பிள்ளை" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். அதே சீர்திருத்தத்தின்கீழ் தரம் ஒன்றிலும் இரண்டிலும் ஆங்கிலம், செயற்பாடு சார்ந்த வாய்மொழி ஆங்கிலமாக அறிமுகமானது. எழுத வேண்டாம், இலக்கணம் வேண்டாம், தொடர்பாடுவதற்குப் பேசினாற் போதும், பிழை விட்டாலும் பரவாயில்லை என்பதே அதன் தத்துவம். நல்ல தத்துவம். பிள்ளை தப்பும் தவறுமாக இரண்டு ஆங்கிலச் சொற்கள் சொன்னால் கைதட்டுகிறோம். அதே பிள்ளை தன் தாய் தந்த தமிழில் முழு வாக்கியம் பேசினால் திருத்துகிறோம். அந்நிய மொழிக்குக் காட்டும் பெருந்தன்மையைத் தாய்மொழிக்குக் காட்ட நமக்கு மனமில்லை.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்களை நான் அறிவேன். "பேச்சுமொழியை வகுப்பில் அனுமதித்தால் பிள்ளை எழுத்துத் தமிழை எப்போது கற்பது? பரீட்சைத் தாள் அந்தத் தமிழில்தானே வருகிறது?" என்பது முதலாவது. எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? அது நமது பிள்ளையின் உரிமை. அது கிடைக்காவிட்டால் நூலகத்தின் கதவே அதற்கு மூடிவிடும். கேள்வி, கற்பிக்கும் ஒழுங்கு பற்றியது. முதலில் பேசவிடுங்கள். பேசியதைக் கரும்பலகையில் பேசியபடியே எழுதிக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாக மாறுவதைப் பிள்ளை கண்ணால் காணட்டும். அதன் பக்கத்தில் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவார்கள் என்று காட்டுங்கள். ஏற்கனவே இருப்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதுவது கற்பித்தலாகாது.

இரண்டாவது நியாயம் பெற்றோரின் பெயரால் வருகிறது. "கொப்பியில் ஒன்றுமே இல்லையே, விளையாடவா அனுப்பினோம்?" என்று கேட்கிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முதலாம் தரம்வரை நீண்டு கிடக்கிறது. அந்தப் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். தம் காலத்தில் பக்கம் பக்கமாக எழுதியதையே கல்வியென்று அறிந்தவர்கள் அவர்கள். அவர்களை அழைத்து, கடை விளையாட்டுக்குள் எத்தனை பாடம் இருக்கிறது என்று ஒருநாள் காட்டியிருக்க வேண்டியவர்கள் நாம். அதைச் செய்யாமல், கொப்பியை நிரப்பிக் கொடுத்து அவர்களுடைய வாயை அடைத்தோம்.

மூன்றாவது நியாயம் கொஞ்சம் வலுவானது. "கிழக்கில் காக்கா, மேற்கில் நானா. ஓரிடத்தில் தாத்தா, இன்னோரிடத்தில் ராத்தா, லாத்தா. இத்தனையையும் ஒரு பாடநூலில் எப்படி அடக்குவது?" உண்மைதான், அடக்க முடியாது. மகரகமையில் உருவாகும் பாடத்திட்டத்தால் ஒவ்வொரு ஊரின் நாவையும் அறிய முடியாது. ஆனால் செயற்பாட்டு வகுப்பு என்ற ஒன்று வேண்டியிருப்பதே அதனால்தான். புத்தகம் தேசத்துக்குப் பொதுவானது, வகுப்பறை ஊருக்கு உரியது. இரண்டுக்கும் நடுவில் நிற்கவே ஆசிரியர் சம்பளம் பெறுகிறார். கிழக்கிலிருந்து மலைநாட்டுக்கு நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியை, தன் வகுப்புப் பிள்ளைகளிடமே அந்த ஊர்ச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆசிரியைக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று அறியும் பிள்ளைக்கு வரும் தைரியம் வேறெந்தப் பாடத்தாலும் வராது.

இனி எழுத்தாளர்களாகிய நம்மிடம் வருகிறேன். பேச்சுத் தமிழைக் கதையில் எழுதியதற்காக 1960களில் 'இழிசனர் இலக்கியம்' என்று பண்டிதர்கள் ஏசியபோது, ஈழத்து எழுத்தாளர்கள் வெகுண்டெழுந்து வாதாடினார்கள். அந்த வாதத்தில் வென்றோம் என்று இன்றும் மேடைகளில் பெருமை பேசுகிறோம். ஆனால் வென்ற உரிமையை வளர்ந்தவர்களின் சிறுகதைக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டோம். வகுப்பறைக்குள் பண்டிதரின் கதிரையில் நாமே ஏறி அமர்ந்துகொண்டோம்.

நமது எழுத்தின் முன்னோடி அப்படிச் செய்தவரல்லர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்ட அறிஞர் சித்திலெப்பைதான் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் வேண்டுமென்று அலைந்து திரிந்தவரும். பத்திரிகை, நாவல், பள்ளிக்கூடம் மூன்றும் அவருக்கு ஒரே வேலையின் மூன்று கைகள். அவர் பெயரால் விழா எடுக்கும் நாம், ஆறு வயதுப் பிள்ளைக்காக எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? வாப்பாவும் உம்மாவும், நோன்புக் கஞ்சியும் பெருநாள் உடுப்பும், ஓதப்பள்ளியும் வரும் ஒரு படக்கதையைத் தேடிப் பாருங்கள். கைவிரல் விட்டு எண்ணலாம். நமது வெளியீட்டு விழாக்களில் மேடையேறுபவை கவிதைத் தொகுதிகளே.

குறைசொல்லி மட்டும் முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆகவே இரண்டு காரியங்களை முன்வைக்கிறேன். முதலாவது ஆசிரியர்களாக இருப்போருக்கு. வகுப்புச் சுவரில் இரண்டு பெரிய தாள்களை ஒட்டுங்கள். ஒன்று 'வீட்டுச் சொல்', மற்றது 'புத்தகச் சொல்'. பிள்ளை தினமும் வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவரட்டும். அதன் இணையை எல்லோரும் சேர்ந்து தேடட்டும். இணை இல்லாத சொற்களும் வரும். அவற்றுக்குப் படம் வரையட்டும். செலவு இரண்டு தாளும் ஒரு பேனையும் மட்டுமே. எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, இந்தக் காலாண்டிதழின் ஆசிரியர் குழுவுக்கும் இதில் எழுதுவோருக்கும். ஒவ்வோர் இதழிலும் நான்கு பக்கங்களை முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். ஊர் ஊராக, அந்தந்த ஊரின் நாவில், சின்னஞ்சிறு கதைகள், பாடல்கள், விடுகதைகள். ஓராண்டில் பதினாறு பக்கங்கள் சேரும். அது ஒரு பிள்ளை கையில் பிடித்து வாசிக்கும் புத்தகத்தின் அளவு. நமக்கு இது சிறிய வேலை என்று யாராவது நினைத்தால், ஆறு வயதுப் பிள்ளை சிரிக்கும்படி பத்து வரி எழுதிப் பார்க்கட்டும்.

அன்று என் வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளைக்கு இப்போது முப்பது வயது இருக்கும். அவளுடைய பிள்ளையும் எங்கோ ஒரு தரம் ஒன்று வகுப்பில் இருக்கக்கூடும். அங்கே ஓர் ஆசிரியர் முதியவரின் படத்தைத் தூக்கிப் பிடித்து, இவர் யார் என்று கேட்பார். "அப்பா" என்று அந்தப் பிள்ளை சொன்னால், "அப்படியா? உங்கள் வீட்டில் தாத்தா யார்?" என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.