டீமன் ஸ்லேயர்: ஒரு மூத்த பிள்ளை போட்ட வரவு செலவு

செமஸ்டர் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் கழுத்தை விட்டு இறங்கிவிட்டதால், ரொம்ப நாளாக மனசுக்குள் கிடந்த ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். 'டீமன் ஸ்லேயர்' அனிமேயில் எது நல்லா இருக்கு, எது சொதப்பல்?

(எச்சரிக்கை: கதையின் திருப்பங்களைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பதிவு எங்கேயும் ஓடிப் போயிடாது.)

2025 செப்டம்பர் 12-ம் தேதி இந்தத் தொடரின் 'இன்ஃபினிட்டி காசில்' படம் இந்தியாவில் ரிலீஸ் ஆனது. தமிழிலும் வந்தது. சுட்டி டிவியில் டப்பிங் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரு ஜப்பான் அனிமே தியேட்டரில் தமிழ் பேசுகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? நானும் தங்கச்சியும் சின்னாளப்பட்டி பிரிவில் பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். திரும்பி வரும்போது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏண்ணே, இம்புட்டு நேரம் ஓடுச்சே, நெசுகோவை எங்க காணோம்?"

"அவளைப் பத்திரமான எடத்துல வச்சிருக்காங்க புள்ள."

"ம்ம். பத்திரமாத்தான் இருப்பா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த 'ம்ம்'முக்கு அர்த்தம் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை.

ஜப்பானில் தைஷோ காலம், அதாவது 1912-லிருந்து 1926 வரையான காலம். மலையில் கரி சுட்டு, கீழே ஊருக்குள் கொண்டுபோய் விற்கிற குடும்பம். அப்பா இல்லை. மூத்தவன் தான்ஜிரோ கரிமூட்டையோடு போய், ஒரு ராத்திரி ஊரில் தங்கிவிட்டு வருவதற்குள் வீட்டில் எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள். வந்தது முசான் என்கிற அரக்கர் தலைவன். தங்கச்சி நெசுகோவுக்கு மட்டும் உயிர் இருக்கிறது, ஆனால் அவளும் அரக்கியாக மாறிவிட்டாள். அவளை மறுபடி மனுஷி ஆக்கணும். அதற்காக அரக்கர்களை வெட்டும் படையில் சேருகிறான். அவள் யாரையும் கடித்துவிடக் கூடாது என்று வாயில் மூங்கில் கட்டியிருக்கிறது. பகலில் வெயில் பட்டால் சாம்பல் என்பதால் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்துகொண்டு திரிகிறான்.

எழுதி வரைந்தவர் கொயோஹாரு கோதோகே. 2016-லிருந்து 2020 வரை வார இதழில் 205 அத்தியாயங்கள், 23 புத்தகங்கள். இதை மாங்கா என்பார்கள் (நம்ம நத்தம் மாங்காய் இல்லை). 2019-ல் யூஃபோடேபிள் ஸ்டுடியோ அனிமே ஆக்கியது. 2020-ல் கொரோனா நேரத்திலேயே வந்த 'மூகன் டிரெயின்' படம், 2001-ல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே'யின் வசூலைத் தாண்டி ஜப்பானில் முதலிடம் பிடித்தது. ஆக, நான் குறை சொல்வதால் யாருக்கும் நஷ்டம் கிடையாது :-)

பி.காம் பையன் என்பதால் வரவு, செலவு என்று பிரித்தே எழுதுகிறேன்.

வரவு

முதல் வரவு, படம் வரைந்திருக்கும் விதம். தான்ஜிரோ வாளைச் சுற்றினால் பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியத்தில் இருக்கிற அலை மாதிரி தண்ணீர் புரண்டு வரும். முதல் சீசனின் 19-வது எபிசோடைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வரவு, தான்ஜிரோ மூத்த பிள்ளை என்பது. இதைக் கதை ஒரு நிமிஷம்கூட மறப்பதில்லை. ஓர் இடத்தில் எலும்பு முறிந்து கிடக்கும்போது, நான் மூத்தவனாக இருப்பதால்தான் இந்த வலியைத் தாங்குகிறேன், இரண்டாவதாகப் பிறந்திருந்தால் முடிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். நெட்டில் இதை வைத்து ஏகப்பட்ட மீம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்க அப்பா சுங்குடிச் சேலையை வெளியூருக்குக் கொண்டுபோய் விற்கிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கரண்ட் பில், ரேஷன், தறிக்காரருக்குப் பாக்கி, பாட்டிக்கு மாத்திரை எல்லாம் பத்தாம் வகுப்பிலிருந்து என் தலையில்தான். சலித்துக்கொண்டால் 'நீ மூத்தவன்ல' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஜப்பான்காரன் கதையில் இந்த வார்த்தையைக் கேட்கும்போது எப்படி இருக்கும் என்று மூத்த பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய வரவு: இரக்கம். இந்தத் தொடரில் அரக்கர்களும் ஒரு காலத்தில் மனுஷர்கள்தான். ருய் என்கிற அரக்கன், நோயாளிக் குழந்தையாக இருந்தவன். தன்னைப் பெற்றவர்களைத் தானே கொன்றுவிட்டு, அப்புறம் பயமுறுத்தி ஒரு பொய்க் குடும்பத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறான். அவன் சாம்பலாகும்போது தான்ஜிரோ முதுகில் கை வைக்கிறான். தன் தங்கச்சியைப் பறிக்கப் பார்த்தவனுக்கு! இவ்வளவு ரத்தம் தெறிக்கிற ஆக்‌ஷன் கதையில் இப்படி ஒரு கை நீளுவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

செலவு

சின்னச் செலவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தான்ஜிரோ சண்டைக்கு நடுவில் தன் சண்டைக்குத் தானே ரன்னிங் கமெண்டரி கொடுக்கிறான். கண்ணால் பார்ப்பதை வாயால் வேறு சொல்லணுமா? செனிட்சு போடுகிற கூச்சல் நாலு எபிசோடுக்கு மேல் தாங்காது. பெண்களைப் பார்த்தால் காலில் விழுந்து கல்யாணம் பண்ணிக்கோ என்று அழுவதை இன்னும் காமெடி என்று நம்புகிறார்கள். முசானுக்குச் சாவு பயம் ஒன்றைத் தவிர குணம் என்று எதுவும் இல்லை. அவனுடைய அடியாட்களுக்கே அவனைவிட நல்ல கதை இருக்கிறது.

அந்த இரக்கத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. முக்கால்வாசி நேரம் அது கழுத்து அறுபட்ட பிறகுதான் வருகிறது. வெட்டுவதற்கு முன்னால் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. புதுப் படத்தில் அகாசாவின் கதை வருகிறதே, அப்பாவின் மருந்துக்காகத் திருடின பையன், தியேட்டரில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள், நானும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதில் நமக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சண்டை முடிகிற நேரம் என்பதால் அழுதுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பெரிய செலவு நெசுகோதான். வாயில் மூங்கில், பெட்டிக்குள் வாசம், மனுஷர்கள் எல்லோரும் உன் சொந்தம் என்று தூங்கும்போது மனசில் ஏற்றிய நினைப்பு. எல்லாமே அவள் நல்லதுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை முழுக்க எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளுக்காகச் சண்டை போடுகிறார்கள், அவளை ஒன்றும் கேட்பதில்லை. அவளாக முடிவெடுக்கிற பெரிய இடம் வாள் செய்கிற கிராமத்துக் கதையில் வருகிறது. வெயில் ஏறுகிறது. தங்கச்சியைக் காப்பதா, ஊர்க்காரர்களைக் காப்பதா என்று தான்ஜிரோ திகைத்து நிற்கும்போது, அவளே அவனை உதைத்துத் தள்ளி 'போ' என்கிற மாதிரி அனுப்பிவிடுகிறாள். வெயிலில் அவள் சாகவும் இல்லை. இவ்வளவு பெரிய காரியம் பண்ணினவளுக்கு அப்புறம் என்ன கிடைத்தது? பத்திரமான இடம். புதுப் படம் முழுக்கத் தேடினாலும் அவளுக்கு வேலையில்லை.

வேடிக்கை என்னவென்றால், இது தப்பு என்று கதைக்கே தெரியும். இரண்டாவது சீசனில் கியூதாரோ, டாக்கி என்று அண்ணன் தங்கை அரக்கர்கள் வருகிறார்கள். பஞ்சத்தில் அடிபட்டு, தங்கச்சியை முதுகில் சுமந்து பனியில் நடந்தவன் கியூதாரோ. சாகும்போது அவனுக்கு ஒரே வருத்தம்: என் தங்கச்சி வேறு இடத்தில் வளர்ந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பாள், நான் சொல்லிக் கொடுத்தபடி வளர்ந்ததால்தான் இப்படி ஆனாள். அண்ணனின் பாதுகாப்பே தங்கச்சிக்கு வினையாகலாம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை அரக்க அண்ணனிடம்தான் கேட்கிறார்கள். நல்ல அண்ணன் தான்ஜிரோவிடம் யாரும் கேட்பதில்லை. முதுகில் சுமப்பது இரண்டு பேருமேதான்.

என் கணக்கில் இந்தத் தொடரின் ஒரே பெரிய பலவீனம் இதுதான். மூத்தவன் சுமக்கிற பாரத்தை இவ்வளவு அழகாகப் புரிந்துகொண்ட கதை, சுமக்கப்படுகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று பார்க்கவில்லை.

இப்போது அந்த 'ம்ம்'.

தங்கச்சி இப்போது ப்ளஸ் டூ. கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கணும் என்று ஆசை. அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள், நோட்டின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். ஆடி மாசம் அப்பா என்னிடம் கேட்டார், "நீ என்னடா சொல்ற?" நான் பெரிய மனுஷனாகப் பதில் சொன்னேன்: "ஹாஸ்டல்லாம் வேணாம்ப்பா. திண்டுக்கல்லயே ஏதாவது டிகிரி படிக்கட்டும். நானே வண்டில கொண்டுபோய் விட்டுக் கூட்டியாறேன்." அடுத்த அறையில் அவள் இருந்தாள். அவளிடம் அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாதுகாப்புத்தானே, அதில் என்ன கேட்க வேண்டியிருக்கு என்று நினைத்தேன்.

அவளும் சண்டை போடவில்லை. இரண்டு மாசம் கழித்து, மதுரை பஸ்ஸில், 'பத்திரமாத்தான் இருப்பா' என்று மட்டும் சொன்னாள்.

டீமன் ஸ்லேயரைப் பாருங்கள் மக்களே, கண்டிப்பாகப் பாருங்கள். செலவைவிட வரவு அதிகம்தான். முடிந்தால் தங்கச்சியோடு உட்கார்ந்து பாருங்கள். நான் தனியாகப் பார்த்திருந்தால் தான்ஜிரோவுக்கு மட்டும் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

அப்பா வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து வருகிறார். வேண்டாம் என்று சொன்னது நான்தான், அதனால் மாற்றிப் பேச வேண்டியதும் நான்தான். அதற்கு முன்னால் அவளிடம் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

டிஸ்கி: செனிட்சு ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தூங்கும்போது அவன் நல்ல பையன்தான்.