இரண்டு மஞ்சள்

தெமட்டகொடையில் உள்ள எங்கள் பழைய வீட்டிற்கு இம்முறை மஞ்சள் வர்ணம் பூசுவதென்று முடிவாயிற்று. எந்த மஞ்சள் என்பதே முடிவாகவில்லை. கடைக்காரர் தந்த வர்ண அட்டையில் அடுத்தடுத்திருந்த இரண்டையும் நான் ஒன்றென்றேன். இல்லாளோ ஒன்று எலுமிச்சம்பழம், மற்றது மாம்பழம் என்று வாதித்தாள். பாஸ் இரண்டையும் சுவரில் முழ அகலத்திற்குப் பூசிக் காட்டினார். அவள் சொன்னதே சரி! நான்கு சுவர்களும் தம்முள் ஒளியை மாறி மாறி வீசுவதனால், அட்டையிற் கண்ட மஞ்சள் அறை முழுவதும் பூசியபின் இன்னும் அழுத்தமாகத் தோன்றும். ஆகவே வெளிறியதையே தெரிந்துகொண்டோம்.

பின்னர் பாஸ் யன்னற் சட்டங்களை உரசத் தொடங்கினார். மேற்பூச்சு உதிர, அடியிலே பளிச்சென்று பழைய எனாமல் மஞ்சள். அந்த யன்னலின் கீழேதான் எங்கள் மூன்று வயது மகன் உறங்குவான். இரசாயனம் கற்பிக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

மஞ்சளிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று மஞ்சட் காவி. இரும்பு கலந்த மண். ஐந்தாம் நூற்றாண்டின் சிகிரியா ஓவியங்களிலே இன்றும் நிற்பது அதுவே. மற்றது ஈயக் குரோமேற்று. 1797 இல் வோக்குலின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குரோமியத்தைக் கண்டறிந்தபின் வழக்கிற்கு வந்தது. பளபளப்பிற்காக எனாமற் பூச்சுக்களிற் சேர்த்தார்கள். அதன் தூள் குழந்தையின் வாய்க்குட் சென்றால் ஈயம் மூளையைத் தாக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. பூச்சுக்களில் ஈயத்திற்கு நம் நாட்டில் 2013 முதல் சட்ட வரம்பு உண்டு. ஆனால் அதற்கு முன் பூசியவை யன்னல்களிலே அப்படியே இருக்கின்றனவே! காவியா ஈயமா என்று பரிசோதனைச் சாலைதான் சொல்லும், கண் சொல்லாது.

ஆதலால் பழைய எனாமலை ஈயமென்றே கொள்ளுங்கள். உதிராத பூச்சானால் சுரண்டாமல் அதன்மேலேயே பூசலாம். உதிர்வதாயின் நனைத்து உரசவேண்டும். உலர உரசுவதும் நெருப்பால் வாட்டுவதும் கூடா. தரையில் விரிப்பு வேண்டும். துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகளை அன்று உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிடுவது நன்று.

இவ்வளவையும் பாஸிடம் சொன்னேன். அவர் தம் சட்டையிற் படிந்திருந்த மஞ்சட் தூளைப் பார்த்தார்.

"இருபது வருஷமாய் இதோடுதானே, சேர், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்குகிறேன்?" என்றார்.

நான் விடை சொல்லுமுன் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.