காராஜில் ரீலோடிங் மேசை: முதலில் பூட்டு, அப்புறம் பிரஸ்

அமெரிக்காவில் வளர்ந்த நம்மில் சிலருக்கு ரேஞ்சுக்குப் போவது ஒரு வாரக்கடைசிப் பழக்கம். காலேஜ் நண்பர் யாராவது கூட்டிப் போயிருப்பார், இல்லாவிட்டால் ஆபீஸில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். அதில் கொஞ்சம் ஊறிப்போனவர்கள் கேட்பது இதுதான்: "காராஜ்ல ஒரு ரீலோடிங் மேசை போடலாம்னு பாக்குறேன். வீட்டுல ரெண்டு வாண்டுங்க இருக்கு. சரிப்படுமா?"

சரிப்படும். ஆனால் யூட்யூபில் தேடினால் வருகிற மேசைகள் எல்லாம் தனி ஆள், தனி ஷெட் கணக்கில் போட்டவை. நம்ம காராஜ் அப்படி இல்லை. அங்கே இரண்டாவது ஃப்ரிட்ஜ் இருக்கு, அதில் இட்லி மாவு இருக்கு. பக்கத்தில் அரிசி மூட்டை, மூணு சக்கர சைக்கிள், சில வீடுகளில் வாஷிங் மெஷினும் அங்கேதான். அதனால் இந்த மாதம் அப்படிப்பட்ட காராஜுக்கான மேசையைப் பற்றிப் பேசுவோம்.

புதியவர்களுக்கு ஒரு வரி விளக்கம். ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் உட்காரும் பிரைமர் (ஊரில் "கேப்பு" என்பார்களே, அந்த வேலையைச் செய்வது), மருந்து, முன்னால் குண்டு. சுட்ட பிறகு பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, மற்ற மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் ரீலோடிங். செலவு குறையும் என்று தொடங்குகிறவர்கள் உண்டு, குறி துல்லியமாக வேண்டும் என்று தொடங்குகிறவர்களும் உண்டு. 2013லும் 2020லும் கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் போனபோது தொடங்கியவர்கள் நிறைய.

மேசைக்கு முன்னால் சட்டம்

நம் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்கென்று செய்தால் தேவை. மாநிலச் சட்டமும் ஊர் தீயணைப்பு விதியும் மாறுபடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் லீஸையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நம் குடும்பங்களில் கவனிக்க வேண்டியது வேறொன்று. நீங்கள் இங்கே பிறந்தவராக இருக்கலாம். உங்கள் மச்சான் ஹெச்-1பியில் இருக்கலாம், அப்பா அம்மா விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து தங்கலாம். நான்-இமிகிரண்ட் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. அதோடு, சட்டம் "அம்யூனிஷன்" என்று சொல்வது முழுத் தோட்டாவை மட்டுமல்ல. வெற்றுக் கூடு, பிரைமர், குண்டு, மருந்து, எல்லாமே அதில் அடங்கும். "மாமா, கொஞ்சம் ஹெல்ப் பண்ணவா?" என்று மச்சான் ஆசையாகக் கேட்டாலும் அவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். அவர் உங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறார் என்றால் மேசை போடும் முன் வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. அவருடைய கிரீன் கார்டு உங்கள் பொழுதுபோக்கைவிடப் பெரிது.

இந்தியப் பயணம் இன்னொரு விஷயம். ரேஞ்சுக்கு எடுத்துப் போன பையை ஒருபோதும் ஊருக்குப் போகும் பையாக ஆக்காதீர்கள். ஓரத்தில் சிக்கிய ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்தில் போலீஸ் வரை போனவர்கள் உண்டு. இந்திய ஆயுதச் சட்டம், 1959, தோட்டாவின் பாகங்களையும் கணக்கில் சேர்க்கிறது. பையன் பள்ளிக்கூடப் பையில் "ஷைனியா இருக்கு" என்று ஒரு வெற்றுக் கூட்டைப் போட்டு வைத்திருக்கலாம். அதையும் பாருங்கள்.

மேசை

மேசை ஆடக்கூடாது. ரைஃபிள் கூட்டை முழு நீளத்துக்கு அழுத்தும்போது பிரஸ் கைப்பிடியில் நல்ல பலம் போடுவோம். மேசை ஆடினால் அடுத்த தட்டில் இருக்கிற தராசும் ஆடும். முக்கால் இஞ்ச் பிளைவுட் இரண்டை ஒட்டி மேல்பலகை, நாலுக்கு நாலு மரக்கால், பின்பக்கம் சுவரின் ஸ்டட்டுகளில் ஸ்க்ரூ. நம் வீடுகளில் ஸ்டட் பெரும்பாலும் 16 இஞ்ச் இடைவெளியில் இருக்கும். பிரஸ்ஸை மேசையின் நடுவில் வைக்காமல், ஒரு காலுக்கு நேர் மேலே, விளிம்பை ஒட்டி வையுங்கள். மர ஸ்க்ரூ போதாது. பலகையைத் துளைத்துப் போகும் போல்ட், அடியில் பெரிய வாஷர். கீழ்த் தட்டில் கனமான சாமான்களை அடுக்கினால் மேசை இன்னும் உறுதி.

உயரம் உங்கள் முழங்கைக்குத் தோது. நின்று வேலை செய்ய விரும்பினால் அந்த உயரம் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது என்பது கூடுதல் லாபம். ஆனால் ஸ்டூல் ஒன்றைப் பக்கத்திலேயே விட்டுவைத்தால் அந்த லாபம் போச்சு.

எந்த பிரஸ் வாங்குவது? முதல் மேசைக்கு சிங்கிள் ஸ்டேஜ் போதும். ஒரு இழுப்பு, ஒரு வேலை. ஓரோவில்லில் 1943ல் தொடங்கிய ஆர்சிபிஎஸ், விஸ்கான்சினின் லீ, நெப்ராஸ்காவின் ஹார்னடி என்று பல கம்பெனிகள் செய்கின்றன. ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா தரும் புரோகிரஸிவ் பிரஸ் பிறகு வரட்டும். அதில் ஒரே நேரத்தில் நாலைந்து வேலை நடக்கும். நம்ம பாஷையில் சொன்னால், சிங்கிள் த்ரெட்டில் சரியாக ஓடாத புரோகிராமை மல்டி த்ரெட்டில் டீபக் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

அழுக்கிலிருந்து சுத்தத்துக்கு

மேசையை இடமிருந்து வலமாக யோசியுங்கள். இடது கோடியில் சுட்ட கூடுகள், நடுவில் பிரஸ், வலது கோடியில் தராசும் மருந்தும், அதற்கும் வலப்பக்கம் முடிந்த தோட்டாக்களுக்கு லேபிள் ஒட்டிய பெட்டி. பொருள் ஒரு திசையில் மட்டும் நகர வேண்டும்.

தராசு ஃபேனுக்கும் ஏசி காற்றுக்கும் எதிரில் இருக்கக்கூடாது. டிஜிட்டல் தராசு என்றால் செல்போனைத் தள்ளி வையுங்கள், ஒவ்வொரு முறையும் செக் வெயிட் போட்டுப் பாருங்கள். இங்கே அளவு கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். பாட்டி நகை எடைக்குச் சொன்ன குன்றிமணி ஞாபகம் இருந்தால், ஒரு குன்றிமணி சுமார் இரண்டு கிரெயின். சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றில் இருப்பது இரண்டு மூன்று குன்றிமணி எடை மருந்துதான். இந்த அளவில் "சுமாரா இருந்தா போதும்" என்பதற்கு இடமே கிடையாது.

அதனால்தான் பழைய ஆட்கள் எல்லாரும் ஒரே விதியைச் சொல்கிறார்கள்: மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி, மூடி, உள்ளே வைத்துவிட வேண்டும். பெயர் தெரியாத மருந்து மெஷரில் கிடந்தால் ஊகிக்கக்கூடாது, உபயோகிக்கக்கூடாது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். அளவுகளை அச்சிட்ட மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள். நண்பர் வாட்ஸாப்பில் அனுப்பியது வேண்டாம்.

பல கைத்துப்பாக்கிக் கூடுகளில் மருந்து பாதிக்கும் கீழேதான் நிற்கும். இரண்டு முறை போட்டாலும் வழியாது. துப்பாக்கி உடைவது அப்படித்தான். போடவே மறந்தால் குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும், அடுத்த குண்டு அதன் மேல் மோதும். தடுக்கும் வழி சுலபம்: 50 குழி உள்ள மரக்கட்டையில் கூடுகளை நிறுத்தி, மேலே ஒரு எல்இடி விளக்கு வைத்து, குண்டு பதிக்கும் முன் அத்தனை வாயையும் எட்டிப் பாருங்கள். யாராவது நடுவில் கூப்பிட்டால் கையில் இருக்கிறதை முடித்துவிட்டு எழுந்திருங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

ஈயம்

வெடிப்பைவிட அன்றாடம் கவலைப்பட வேண்டியது ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டின் கரியில் அது ஒட்டியிருக்கும். வால்நட் ஓட்டுத்தூளில் கூட்டைச் சுழற்றிச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசியிலும் அதுதான். அதிகத் தாக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும். சிடிசி 2021ல் பிள்ளைகளின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்லவில்லை.

ஆகவே மேசைக்கும் ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டைக்கும் நடுவில் கதவோ சுவரோ இருக்கட்டும். அது முடியாவிட்டால் அரிசியை உள்ளே கொண்டுபோங்கள். தூளில் சுழற்றுவதற்குப் பதில் தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டுச் சுழற்றினால் தூசு எழாது. மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே காபி, முறுக்கு எதுவும் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையைத் தனியாகத் துவைக்கப் போட்டுவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் இங்கே நிஜமாகவே உதவுகிறது. சமையலறை வடிகட்டி, டீஹைட்ரேட்டர், பழைய டம்ளர் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். எடுத்தால் அது திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் ரத்தத்திலும் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளின் டாக்டரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள்.

பித்தளை பற்றி ஒரு பழைய கதை. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக் கூடுகள் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921ல்தான் விளங்கியது. இன்றைக்கும் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டில் தடவக்கூடாது. குத்துவிளக்குக்குப் புளி போடுவது மாதிரி இதற்குக் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீர் போதும்.

எங்கே பூட்டுவது?

பிள்ளைகள் உள்ள வீட்டில் உடனே தோன்றுவது: எல்லாவற்றையும் கன் சேஃபில் போட்டுப் பூட்டிவிடலாம். மருந்துக்கும் பிரைமருக்கும் அது தவறான இடம். திறந்த இடத்தில் மருந்து வேகமாக எரியும், அவ்வளவுதான். இறுக்கமான எஃகுப் பெட்டிக்குள் தீப்பட்டால் அழுத்தம் ஏறி, பெட்டியே வெடிகுண்டாகிவிடும். என்எஃப்பிஏ 495 என்ற தீப் பாதுகாப்பு விதி, வீட்டில் 20 பவுண்டு வரை மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஒரு இஞ்ச் பலகையால் செய்த மரப்பெட்டி. பிரைமர் 10,000க்கு மேல் கூடாது. நமக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

எனவே மரத்தில் ஒரு அலமாரி, கதவில் நல்ல பூட்டு. பிரைமருக்குத் தனித் தட்டு, கம்பெனிப் பெட்டியை விட்டு வெளியே எடுத்து பாட்டிலில் கொட்டி வைக்கவே கூடாது. டெக்சாஸ், அரிசோனா கோடையில் காராஜ் அடுப்பாகிவிடும், வாட்டர் ஹீட்டரும் அங்கேதான் நிற்கும். அந்த ஊர்களில் இந்த அலமாரி வீட்டுக்குள், குளிர்ச்சியான ஈரமில்லாத இடத்தில் இருப்பது நல்லது. டப்பாவைத் திறக்கும்போது புளிச்ச வாடை அடித்தாலோ பழுப்புத் தூசு தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுவிட்டது. முடிந்த தோட்டாக்களைத் துப்பாக்கியோடு வைக்காமல் தனியாகப் பூட்டுங்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் அதைத்தான் சொல்கிறது.

மற்றவர்களிடம் சொல்லுங்கள்

தமிழ்ப் பள்ளித் தோழர்கள் வீட்டுக்கு விளையாட வருவார்கள். அவர்களின் அப்பா அம்மா கேட்கத் தயங்குவார்கள். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: வீட்டில் என்ன இருக்கிறது, எங்கே பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம். அவர்கள் "வேற இடத்துல விளையாடட்டுமே" என்றால் கோபப்படாதீர்கள். அது அவர்கள் உரிமை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். ஈழத்தில் போரைப் பார்த்துவிட்டு வந்த மாமனார், மாமியாருக்கு ஒரு பித்தளைக் கூடு என்பது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. அவர்கள் தங்கியிருக்கும் மாதங்களில் மேசையை மூடி வைப்பதில் நமக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

பிள்ளைகளிடம் மறைப்பதைவிடச் சொல்வது மேல். "இது அப்பாவோட வேலை மேசை. தொடக்கூடாது. எங்கயாவது இந்த மாதிரி ஒண்ணு கிடந்தா எடுக்காம, வந்து சொல்லு." ஐந்து வயதுக்கு இது புரியும். ஆனால் சொல்லிவிட்டோமே என்று பூட்டைத் தளர்த்த வேண்டாம். சொன்னதை மறப்பது பிள்ளைகளின் இயல்பு.

பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த வரிசையில் வாங்குங்கள்: பூட்டுள்ள மர அலமாரி, அச்சிட்ட மேனுவல், கண்ணாடி, தராசு, கடைசியாக பிரஸ். முதல் நாலுக்குப் பணம் போதவில்லை என்றால் ஐந்தாவது காத்திருக்கட்டும்.

அடுத்த மாதம் சாதுவான விஷயம்: அதே காராஜில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய ஒரு மரவேலை மேசை.