விடுமுறை பள்ளிக்குத்தான், வயிற்றுக்கு அல்ல!

பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டுவிட்டன. கீழ்க்கட்டளைத் தெருக்களிலே காலை வேளையில் புத்தகப் பையும் சீருடையுமாகச் சென்ற சிறார்களை இனி ஜூன் மாதத்தில்தான் காணமுடியும். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, மகிழட்டும்! ஆனால் தோழர்களே, பூட்டப்பட்டது வகுப்பறை மட்டும்தானா?

இல்லை. வகுப்பறையோடு சேர்ந்து சமையலறையும் பூட்டப்பட்டுவிட்டது!

ஏழைப் பிள்ளையின் தட்டிலே பள்ளிச் சோறு விழுந்த கதை நூறாண்டுக் கதை. 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியிலே தொடங்கியது அது. 1956-இல் காமராசர் ஆட்சியிலே மதிய உணவுத் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே சத்துணவாயிற்று. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. 2023-இல் அது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலையிலே உப்புமாவோ பொங்கலோ, பகலிலே சோறும் முட்டையும் என்று அன்றாடம் இருவேளைப் பொறுப்பைப் பள்ளி ஏற்றிருக்கிறது.

கோடை வந்ததும் அந்த உலை அணைகிறது. இருவேளைப் பொறுப்பும் ஒரே நாளில் வீட்டின் தலையிலே வந்து விழுகிறது. வீட்டிலே யார் இருக்கிறார்கள்? தந்தை கட்டட வேலைக்குப் போய்விட்டார். அல்லது ரேடியல் சாலையிலே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். தாய் மெப்ஸ் வளாகத்திற்கோ, மடிப்பாக்கத்திலே நாலு வீட்டு வேலைக்கோ போய்விட்டார். பிள்ளை பத்து மணிக்கு எழுகிறான். காலை உணவு இல்லை. கையிலே பத்து ரூபாய். அதற்குப் பெட்டிக்கடையிலே ஒரு வறுவல் பொட்டலம். பகலெல்லாம் செல்பேசி. இரவு பன்னிரண்டு மணிக்கும் உறக்கமில்லை. மறுநாளும் அதுவே!

மூத்தது பெண்ணாக இருந்தாலோ, கேட்கவே வேண்டாம். விடுமுறை என்ற பெயரிலே அவள் சமையற்காரியாகவும் தம்பி தங்கைக்குத் தாயாகவும் ஆக்கப்படுகிறாள். அவளுக்கு விளையாட்டு ஏது?

“ஒரு மாதந்தானே, போகட்டும்” என்பர் சிலர். வளரும் எலும்புக்கு உண்டா விடுமுறை? ஊறும் இரத்தத்திற்கு உண்டா விடுமுறை? 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வெயிலின் கொடுமையால் பள்ளி திறக்கும் நாளே தள்ளிப்போயிற்று. விடுமுறை நீளும்போது வீட்டின் பொறுப்பும் நீளுகிறது என்பதை மறக்கலாமா?

என்ன செய்யலாம்? பணம் வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும். பள்ளி நாளிலே எழும் நேரத்திலேயே பிள்ளை எழட்டும். வேலைக்குக் கிளம்புமுன் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணட்டும். கேழ்வரகுக் கூழும் மோரும் எந்தச் சிற்றுண்டிக்கும் தாழ்ந்ததல்ல. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு மணி நேரம் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ இருக்கட்டும். அக்கினி நட்சத்திர வெயிலிலே வேண்டாம். முந்நூறு மில்லி கோலா குப்பி ஒன்றிலே ஏறத்தாழ முப்பது கிராம் சர்க்கரை இருக்கிறது. அந்தக் காசுக்கு நுங்கு வாங்கலாம், வெள்ளரிப்பிஞ்சு வாங்கலாம். உறங்கும் நேரத்திலே செல்பேசி பெற்றோர் கையிலே இருக்கட்டும் — பெற்றோரும் அதைப் பார்க்காமல் இருக்கட்டும்!

பெரியவர் துணையின்றி நீர்நிலைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பக்கத்து மூவரசம்பட்டுக் கோயில் குளத்திலே 2023 ஏப்ரல் 5 அன்று தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் மூழ்கி மாண்டார்களே! வளர்ந்தவர்களையே விழுங்கிய நீர், வாண்டுகளை விடுமா?

“இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று கேட்பீர்கள். தொழிலாளத் தோழனே, நேரத்திற்காகவே போராடியவன் நீ! எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் சொந்த வாழ்வு என்பதற்காக 1886-இல் சிகாகோவிலே இரத்தம் சிந்தப்பட்டது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலிலே, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் தமிழக சட்டமன்றத்திலே நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. இப்படிக் காத்த நேரம் யாருக்கு? டீக்கடை அரட்டைக்கா? மதுக்கடை வாசலுக்கா? அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தின் முதல் பங்கு உன் பிள்ளைக்கு உரியதன்றோ?

எட்டு மணிக்கு மேலும் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலே உள்ள தோழர்கள் பலர் உண்டு, அறிவோம். அவர்களும் காலையிலே அரைமணி, ஞாயிறன்று ஒரு பொழுது தரமுடியும். கீழ்க்கட்டளை ஏரிக்கரைக்குப் பிள்ளையை நடத்திச் செல்லுங்கள். இந்த ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போய்ச் சேருகிறது என்று காட்டுங்கள். நடையும் ஆயிற்று, பாடமும் ஆயிற்று!

வீட்டுக்குச் சொன்னோம், ஆள்வோருக்கும் சொல்கிறோம். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2004-இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வறண்ட நிலத்துப் பிள்ளையின் பசிக்குப் பொருந்தும் நீதி, வறண்ட வீட்டுப் பிள்ளையின் பசிக்குப் பொருந்தாதா? தாம்பரம் மாநகராட்சிப் பகுதியிலே தேவைப்படும் பிள்ளைகளுக்காகவேனும் சத்துணவுக் கூடங்கள் விடுமுறையிலும் திறக்கப்பட வேண்டும். கிளைத் தோழர்கள் தெருத் தெருவாகச் சென்று, பகலிலே சோறில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கோடு மாமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டட்டும்.

கூடத்தைத் திறக்கவைப்பது கட்சித் தோழனின் கடமை. அது திறக்கும் வரையிலும், திறந்த பின்னும், பிள்ளையின் நாளை ஒழுங்கோடு நடத்துவது தாய்க்கு மட்டுமல்ல, தந்தைக்கும் கடமை. ஜூன் மாதம் பள்ளி மணி அடிக்கும்போது நம் பிள்ளைகள் இளைத்துப் போய் அல்ல, தழைத்துப் போய் நிற்கட்டும்!